ராபினுக்கு ஒப்பாரி

ராபின் செத்தது இங்கிலாந்தில். செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. அதிலும் அவன் நிஜ மனிதன்கூட இல்லை, கதையில் வருகிற பையன். அவனுக்காக மேடவாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கிளப் ஹவுஸில் பட்டப்பகலில் தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்தார்கள் என்றால் நம்பக் கொஞ்சம் சிரமம்தான். நம்பாதவர்கள் அங்கேயே போய்க் கேட்டுப் பார்க்கலாம். அன்று செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடிவந்தவர்கள் எல்லோரும் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

ஒப்பாரியைத் தொடங்கியவள் எல்லம்மா. அஸ்தினாபுரத்தில் ஒண்டுக்குடித்தனம். காலையில் ராஜகீழ்ப்பாக்கம் வரை நடந்து, ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து மேடவாக்கம் வந்து இறங்குவாள். அந்தக் குடியிருப்பில் நாலு வீட்டுக்குப் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்க்கிறாள், அதில் ஒரு வீட்டில் சமையலும் உண்டு. வாய் நீளம் என்று பெயரெடுத்தவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவள் கட்சி. ஆனால் அந்த வாய் ஒரே ஒரு தடவை, பேசியே ஆகவேண்டிய நேரத்தில், அடைத்துப்போயிற்று. அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு தடவை எதுவென்று பிறகு சொல்கிறேன்.

எல்லாம் ஆரம்பித்தது பி பிளாக்கில், ப்ரியா வீட்டில். ப்ரியா ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து, கைக்குழந்தைக்காக வேலையை விட்டவள். படித்தது இலக்கியம், அங்கே சொல்லிக்கொடுத்ததோ இன்டர்வியூவில் எப்படிக் கைகுலுக்குவது என்று. ஒருநாள் எல்லம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தபோது ப்ரியா சோபாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, ஊர்ல யாருனா பூட்டாங்களா?”

ப்ரியா வெட்கப்பட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். அமெரிக்காக்காரர் எழுதிய பழங்கதை. மழை பொய்த்துப்போன ஊரில் எல்லோரும் மாட்டை விற்றுவிட்டுக் கிளம்ப, ஒரு கிழவன் மட்டும் தன் மாட்டோடு அங்கேயே கிடக்கிறான். எல்லம்மா மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு அங்கேயே குந்திவிட்டாள். சொல்லு, என்ன ஆச்சு என்றாள். ப்ரியா சொல்லி முடிக்கிறவரை தரை பாதி ஈரமும் பாதி அழுக்குமாகக் கிடந்தது. கேட்டு முடித்துவிட்டு எல்லம்மா சொன்னது ஒன்றே ஒன்று: அந்தக் கிழவனுக்கு இருந்த வீம்பு தன் பெரியப்பனுக்கும் இருந்தது, அந்த ஆளைப் பற்றி மட்டும் ஒருத்தரும் எழுதவில்லை.

மறுநாள் கதை கேட்க, டி பிளாக்கில் வேலை செய்கிற ஏஞ்சலைக் கூட்டிவந்தாள். ஏஞ்சல் இன்னும் நாலைந்து பேரைக் கூட்டிவந்தாள். காலை வேலை முடிந்து சாயங்காலப் பாத்திரத்துக்குக் காத்திருக்கிற மதிய நேரத்தில் இந்தப் பெண்களுக்கு உட்கார இடம் கிடையாது. ஜெனரேட்டர் ரூம் பக்கம் உட்காருவார்கள், இல்லையென்றால் மாடிப்படியில். ப்ரியா வீட்டு ஹாலோ சின்னது, அதில் குழந்தையின் தொட்டில் வேறு. எல்லம்மாதான் யோசனை சொன்னாள். அவ்வளவு பெரிய கிளப் ஹவுஸ், பிறந்தநாள் வந்தால் ஒழிய ஈ காக்கா இல்லை. அங்கே ஃபேனும் இருக்கிறது, குழந்தையையும் தூக்கிவந்து படுக்கவைக்கலாம்.

கிளப் ஹவுஸில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. கட்டிக்கொடுத்த பில்டர், அழகுக்காக, தங்க எழுத்துப் போட்ட பழைய இங்கிலீஷ் நாவல்களாக வாங்கி அடுக்கிப் பூட்டியிருந்தார். சாவி அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீநிவாசராகவன் கையில். ப்ரியா போய்க் கேட்டதும் அவர் சந்தோஷமாகத் திறந்துகொடுத்தார். குடியிருப்பு வந்த நாளாக அந்த அலமாரியிலிருந்து புத்தகம் கேட்ட முதல் ஆள் அவள்தான். யாருக்குப் படித்துக்காட்டப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்படிக் கையில் வந்ததுதான் ராபின் கதை. ப்ரியா முதலில் நாலு வரி இங்கிலீஷில் வாசிப்பாள். அதுவும் எல்லம்மா கேட்டதுதான், சத்தம் எப்படி இருக்கிறதென்று பார்க்கலாம் என்று. பிறகு தமிழில் சொல்வாள். இங்கிலாந்தில் ஒரு பஞ்சு மில் ஊர். ஹன்னா என்று ஒரு பெண், மில் முதலாளி வீட்டில் வேலைக்காரி. அவள் தம்பி ராபின் மில்லிலேயே வேலை செய்கிறவன். ஹன்னா இரண்டே நாளில் இவர்கள் வாயில் அன்னம்மா ஆகிவிட்டாள். அன்னம்மா பனியில் நடந்து போய்த் துணி துவைக்கிற இடம் வந்தபோது, கை விறைக்குமே என்று ஏஞ்சல் தன் கையைத் தேய்த்துக்கொண்டாள். முதலாளியம்மா ஆறிப்போன சூப்பைக் கொடுக்கிற இடத்தில், வேலை செய்கிற வீட்டில் மிச்சம் போட்டுக் கொடுத்த டிபன் பாக்ஸை அவரவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வெள்ளக்காரன் நம்மள ஆண்டான்னு சொன்னாங்க,” என்றாள் எல்லம்மா. “அவன் ஊர்ல அவன் ஜனத்தயே இந்தப் பாடு படுத்திகினு இருந்துருக்கான். இத்த ஏன் எங்களுக்கு யாரும் சொல்லவே இல்ல?”

காலேஜில் இத்தனை வருடம் யாரும் தன்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்றாள் ப்ரியா.

இங்கே எல்லம்மா பிறந்த ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. திருநீர்மலைப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் நாள் கணக்காகக் கதை வைப்பார்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார். பக்கத்தில் நிற்கிறவர் அதை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்க விளக்குவார். கதையில் வாலிபப் பிள்ளை போர்க்களத்தில் சாகிற அன்று பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டு மாரடித்து அழுதாக வேண்டும். சும்மா கேட்டுவிட்டு எழுந்து போனால் செத்தவனை அவமதித்ததாகும். இன்னொன்று, கதையை எடுத்தால் பட்டாபிஷேகம் வரை முடிக்காமல் விடக் கூடாது. வாசிக்கிறவருக்குக் காய்ச்சலென்றால் வேறு ஆளைப் பிடித்தாவது முடிப்பார்கள். பட்டாபிஷேகத்தன்று ஊரில் ஒருத்தரும் வேலைக்குப் போக மாட்டார்கள்.

ப்ரியாவுக்கு இதெல்லாம் தெரியாது. மில் தீப்பிடிக்கிற அத்தியாயத்தை அவள் வழக்கம்போல வாசித்தாள். ஆட்கள் நடுவில் எழுந்து போகக் கூடாதென்று முதலாளி வெளிப்பக்கம் பூட்டி வைத்திருக்கிறான். உள்ளே தீ. ராபின் கதவை அடித்து அடித்துப் பார்த்துக் கதவடியிலேயே விழுந்து செத்துப்போகிறான். ஹன்னா அங்கே ஓடிவருகிறபோது முதலாளி சாவியைச் சட்டைப் பைக்குள் போடுவதைப் பார்த்துவிடுகிறாள். மறுநாள் ஊரெல்லாம் பேச்சு, அந்தப் பையன் திருட்டுத்தனமாகச் சுருட்டுப் பிடித்தான், அவனால்தான் மில்லே எரிந்தது என்று.

ப்ரியா புத்தகத்தை மூடி, எப்படி இருந்தது என்று கேட்கலாம் என்று நிமிர்ந்தாள். எல்லம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

அவளுக்கு அன்பு என்று ஒரு தம்பி இருந்தான். பெரும்பாக்கம் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தில் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய அவனை உள்ளே இறக்கிவிட்டார்கள். இறங்கினவன் ஏறவில்லை. குடித்துவிட்டு இறங்கினான், அதனால்தான் விழுந்தான் என்று கான்ட்ராக்டர் சொன்னான், போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே சொன்னார்கள். அன்பு சொட்டுச் சாராயம் தொடாதவன். அவன் உடம்பை வீட்டு வாசலில் இறக்கவே விடவில்லை. கூட்டம் சேரும், பிரச்சினையாகும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லம்மா அன்று வாயே திறக்கவில்லை. சுற்றிலும் வெள்ளைச் சட்டை போட்ட கான்ட்ராக்டர் ஆட்கள் நிற்க, அவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பேசவும் இல்லை, அழவும் இல்லை. மேலே சொன்னேனே, அந்த ஒரு தடவை அதுதான்.

அப்படித் தேங்கியது எல்லாம் கிளப் ஹவுஸில் உடைத்துக்கொண்டது. கதவடியில விழுந்தியே என் கண்ணே, காத்தில்லாம போனியே என்று அவள் பாட்டெடுக்க, ஏஞ்சல் அவள் தோளைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்தாள். மற்றவர்களும் வளைந்து உட்கார்ந்து மாரடித்தார்கள். அவரவர்க்கு அவரவர் பிணம்.

சத்தம் ஐந்தாவது மாடி வரை போனது. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. செத்தது யார் என்று ஒருவர் மேலிருந்து கத்திக் கேட்க, ராபின் என்று கீழிருந்து பதில் போனது. சி பிளாக்கில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு ராபின் உண்டு. வாட்ச்மேன் சவுரிமுத்து மூச்சிரைக்க ஓடிப்போய்க் கதவைத் தட்டினால், அவன் அரை டிராயரும் ஹெட்போனுமாக மீட்டிங்கில் இருந்தான். அவன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார்கள். அது சைரனோடு வந்து, தண்ணி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, உள்ளே வர முடியாமல் அலறிக்கொண்டு நின்றது.

ஸ்ரீநிவாசராகவன் கெட்ட மனிதர் இல்லை. ஒழுங்கு என்பது அவருக்குச் சர்க்கரை மாத்திரை மாதிரி, வேளாவேளைக்கு வேண்டும். அன்று சாயங்காலமே புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கிளப் ஹவுஸையும் பூட்டி, குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார். பிறகு ப்ரியாவை நிறுத்திவைத்துப் பொறுமையாகப் பேசினார். எல்லம்மா பக்கத்தில் நிற்பது அவர் கண்ணில் படவில்லை.

“உங்க நல்ல மனசு புரியறது. ஆனா இவங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கதையெல்லாம்? ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்குடுங்கோ, யூஸ்ஃபுல்லா இருக்கும். குட் மார்னிங், தேங்க்யூ, கம் இன். அதுக்கு வேணா ஹால் தரேன்.”

“குட் மார்னிங் நாங்க தமிழ்லயே சொல்லமாட்டோம் சார்,” என்றாள் எல்லம்மா. “அன்னம்மா இன்னா ஆனான்னு தெரியணும் எங்களுக்கு. அதான் வேணும்.”

அவர் அவளைப் பார்த்தார். அவர் வீட்டில்தான் அவள் சமைக்கிறாள், இத்தனை வருடமாகச் சாம்பாரைப் பற்றித் தவிர அவளிடம் வேறெதுவும் பேசியதில்லை. சரி சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ப்ரியா வாடகைக்கு இருப்பவள். வீட்டு ஓனர் பெங்களூரிலிருந்து போன் போட்டு, அசோசியேஷனோடு பகை வேண்டாம் என்றார். சொன்ன குரலில் காலி செய்யச் சொல்கிற தொனியும் இருந்தது. மறுநாள் எல்லம்மா வேலைக்கு வந்தபோது ப்ரியா முகம் செத்துக் கிடந்தது. இனிமேல் படிக்க முடியாது என்றாள். ஆனால் பாதியில் விடுவது தனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றாள்.

“முடிவை மட்டும் சுருக்கமா சொல்லிடறேன்க்கா. ரெண்டு வார்த்தைல.”

எல்லம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கையில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு நுரை இருந்தது.

“வேணாம். சுருக்கமா சொல்றதுக்கு அது இன்னா கரண்டு பில்லா? என் தம்பி கதயத்தான் சுருக்கமா சொன்னாங்க. குடிச்சான், உழுந்தான். ரெண்டே வார்த்த, அவ்ளதான் முட்ச்சிட்டாங்க. அன்னம்மாவுக்கும் அப்டி முடிக்கணும்னா நீயும் அந்தக் கான்ட்ராக்டரும் ஒண்ணுதான்.”

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோம் என்று அவளுக்கே பட்டது. ஆனால் வார்த்தையைத் திருப்பி வாங்கவில்லை. ப்ரியா அன்புவைப் பற்றி அன்றுதான் முதல்தடவையாகக் கேள்விப்பட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். பிறகு போனை எடுத்து எதையோ தேடி, எல்லம்மா முகத்துக்கு நேரே பிடித்தாள். அதே புத்தகம். இவ்வளவு பழைய புத்தகத்துக்கு இப்போது உரிமைக்காரர் யாரும் இல்லையாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாமாம்.

எல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ செக்கரட்டரி சார் எத்த பூட்டி வெச்சிகினு கீறாரு?”

கேட்டுக்கு வெளியே, தண்ணி லாரிகள் வரிசை கட்டுகிற இடத்தில் ஒரு புங்க மரம் இருக்கிறது. ரோடு அசோசியேஷனுடையது இல்லை. மதியம் அங்கே கோணியை விரித்து உட்கார்ந்தார்கள். ஆனால் கூட்டம் குறைந்துபோயிற்று. வெளியே உட்காருகிறவர்களுக்குக் கேட் ஆப்பில் அனுமதி ரத்தாகும் என்று சவுரிமுத்து மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஆப்பில் பச்சை வந்தால்தான் வேலைக்காரர்கள் உள்ளே போக முடியும், சிவப்பு வந்தால் போக முடியாது. இருக்கிற வேலையை விட்டுவிட்டு இந்த வயசில் புது வீடு தேட முடியுமா? வராதவர்களை எல்லம்மா திட்டவில்லை. வந்தது ஏஞ்சலும் இன்னும் இரண்டு பேரும்தான். எல்லம்மாவுக்கு மட்டும் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். நாலு வீட்டுச் சம்பளமும் ஒரே கேட்டுக்குள் இருக்கிறவளுக்கு எப்படிப் பயம் இல்லாமல் போகும்? ராத்திரி படுத்தால் அந்தச் சிவப்பு விளக்குதான் கண்ணுக்குள் எரியும். ஆனாலும் மதியமானால் கோணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கதையில் கோர்ட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. மில் முதலாளி மேல் யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள். சாவியைப் பார்த்தது ஹன்னா ஒருத்திதான். சாட்சி சொன்னால் வேலை போகும், அந்த ஊரில் வேறு வேலையும் கிடைக்காது. சொல்வாளா மாட்டாளா என்று நாலு பேரும் பாத்திரம் தேய்க்கிற நேரமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல மாட்டாள் என்றாள் ஏஞ்சல், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. எல்லம்மா ஒரு பக்கமும் பந்தயம் கட்டவில்லை. அன்னம்மா வாயடைத்துப்போய் நின்றால் அதைத் தாங்க முடியுமா என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

செக்ரட்டரி வீட்டம்மா அபிதகுஜாம்பாளுக்கு முட்டிவலி, மாடியை விட்டு இறங்க மாட்டார். ஒருநாள் எல்லம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்று, குரலைத் தணித்து, கதையில் வருகிற அந்த அன்னம்மா கடைசியில் என்ன ஆனாள் என்று கேட்டார். ஒப்பாரி கேட்ட அன்றிலிருந்து அவருக்கும் அதே நினைப்பாம். இன்னும் முடியவில்லை, கீழே வந்து கேளுங்கம்மா என்றாள் எல்லம்மா. கேட்டதை இங்கே சொன்னால் என்ன என்றார் அவர். சமையல்கட்டில் ஒளிந்துகொண்டு கேட்கிற கதை இல்லை அது என்று சொல்லிவிட்டு எல்லம்மா ரசத்தை இறக்கி வைத்தாள்.

கோர்ட்டு வந்த அன்று ப்ரியா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசித்தாள். ஹன்னாவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்து சாட்சிக் கூண்டுக்கு நடக்கிறாள். அப்போதுதான் கேட்டுக்குள்ளிருந்து ஸ்ரீநிவாசராகவன் வந்தார். கையில் போன். பின்னால் சவுரிமுத்து சங்கடமாக நெளிந்துகொண்டு வந்தான்.

“எல்லம்மா, இதுதான் கடைசி. இப்ப எழுந்து உள்ள வந்தா வேலை. இங்கேயே உக்காந்திருந்தா பிளாக் பண்ணிடுவேன், எல்லாரையும். ப்ரியா, உங்க ஓனர்கிட்டயும் நான் பேச வேண்டியிருக்கும்.”

ப்ரியாவின் குரல் தேய்ந்து முணுமுணுப்பாகி, பிறகு நின்றேவிட்டது. ஏஞ்சல் கோணியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். எல்லோரும் எல்லம்மாவைப் பார்த்தார்கள்.

எல்லம்மாவுக்குத் தொண்டையில் அந்தப் பழைய அடைப்பு ஏறியது. அன்பு செத்த அன்று சுற்றி நின்ற மாதிரியே வெள்ளைச் சட்டை. அதே பொறுமையான குரல். கூண்டில் அன்னம்மா நின்றுகொண்டிருக்கிறாள், நீதிபதி பார்த்துக்கொண்டிருக்கிறார், அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எல்லம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகத்தான் எழுந்தாள் என்று செக்ரட்டரி நினைத்து ஒதுங்கி வழிவிட்டார். அவள் ப்ரியா பக்கத்தில் போய், கோயிலில் கதைக்கு விளக்கம் சொல்கிறவர் நிற்பாரே, அப்படி ரோட்டைப் பார்த்து நின்றாள்.

“நீ மெதுவாவே படி. எங்காதுல உழுந்தா போதும். ஊருக்கு நான் சொல்றேன்.”

ப்ரியா வாசித்தாள். எல்லம்மா சொன்னாள். திருவிழாக் கதையில் கேட்டுக் கேட்டு ஊறிய குரல், லாரி இன்ஜினைத் தாண்டிக் கேட்டது. அன்னம்மா கூண்டில் ஏறி நிற்கிறாள். என் தம்பியைப் பற்றி அவர்கள் சொன்னார்கள், நான் அவன் அக்கா, நான் சொல்கிறேன் கேளுங்கள் என்கிறாள். பால்கனிகளில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இரண்டாவது மாடியில் அபிதகுஜாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டான்.

“என் தம்பி கையில நெருப்பு இல்ல. அவன் சுருட்டு தொட்டவன் இல்ல. கதவு வெளிய பூட்டியிருந்துச்சு. சாவி யார் பையில இருந்துச்சோ அவர் தோ குந்திகினு கீறாரு, அவரப் போய்க் கேளுங்க. செத்தவன் வந்து சொல்லமாட்டான்னுதானே பழிய அவன் தலைல போட்டீங்க? அவன் வரமாட்டான். நான் வந்துகீறேன்.”

அந்த இடத்தில் ப்ரியா வாசிப்பதை நிறுத்தினாள், பத்தி அதோடு முடிகிறது. எல்லம்மா நிறுத்தவில்லை.

“என் தம்பி குடிக்கல. அவன் பேரு அன்பு. தொட்டிக்குள்ள காத்து இல்ல. கயிறு கட்டாம எறக்கனாங்க. அவன் குடிக்கல.”

அழுகை வரும் என்று ஏஞ்சல் அவள் கையைப் பிடித்தாள். வரவில்லை. எல்லம்மாவின் முகம் வேலை முடிந்து முகம் கழுவினவள் முகம் மாதிரி இருந்தது.

“கதையில அன்பு எங்கேர்ந்து வந்தான்?” என்றார் ஸ்ரீநிவாசராகவன். குழம்பித்தான் கேட்டார்.

“கதைல இல்ல சார். பெரும்பாக்கத்துல இருந்தான்.”

அவர் எதையோ சொல்ல வந்தார். ஆனால் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். தலையைக் குனிந்துகொண்டு போனில் தட்டினார். சவுரிமுத்து கையிலிருந்த போனில் நாலு பேர் பெயரும் சிவப்பானது. அவர் உள்ளே போய்விட்டார்.

“அப்புறம்?” என்றாள் ஏஞ்சல். சிவப்பைப் பார்த்த பிறகு இனி பயப்பட என்ன இருக்கிறதென்று அவள் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.

ப்ரியா மிச்சத்தை வாசித்தாள், எல்லம்மா ரோட்டுக்குச் சொன்னாள். நீதிபதி ஹன்னாவை நம்பவில்லை. முதலாளியை விட்டுவிட்டார்கள். அதைக் கேட்டதும் லாரி டிரைவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் காலையில் மில் சங்கு ஊதுகிறது. ஊர் முழுக்க வாசலில் வந்து நிற்கிறது, ஒருத்தரும் உள்ளே போகவில்லை. முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்புகிறான். அவர்கள் ஒன்றுதான் கேட்கிறார்கள், கதவிலிருந்து பூட்டைக் கழற்று என்று. சங்கு ஊதி ஊதி ஓய்கிறது. கடைசியில் கொல்லன் வந்து பூட்டைக் கழற்றுகிறான். அதற்குப் பிறகுதான் ஜனம் உள்ளே போகிறது, முன்னால் ஹன்னா.

ப்ரியா முடிந்தது என்றாள். ஏஞ்சல் தலையிலிருந்த கனகாம்பரத்தில் கொஞ்சம் கிள்ளி, வைக்கப் புத்தகம் இல்லாததால், போன் மேலேயே வைத்தாள். ப்ரியா குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓனரிடம் தானே பேசிக்கொள்வதாகவும், அடுத்த கதை அமெரிக்காவில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நடக்கிறதென்றும் சொன்னாள்.

கோணியை உதறிக்கொண்டிருந்தபோது சவுரிமுத்து போன் அடிக்க ஆரம்பித்தது. சாயங்காலமாகிவிட்டதே, சிங்க்கில் பாத்திரம் குவிந்திருக்கும். டி பிளாக்கிலிருந்து ஏஞ்சலை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டார்கள். ஏ பிளாக்கிலிருந்தும் வந்தது. அந்தந்த வீட்டுக்காரர்களே தங்கள் ஆப்பில் அனுமதி போட, சிவப்பாயிருந்த பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. கடைசியாக எல்லம்மா பெயரும் பச்சையானது. செக்ரட்டரி வீட்டிலிருந்துதான். பேசினது அபிதகுஜாம்பாள். சார் இனிமேல் ஒன்றும் சொல்ல மாட்டாராம், அவளை உள்ளே வரச் சொல்லு என்றார்.

சவுரிமுத்து ஓடிவந்து போனைக் காட்டினான். ராஜகீழ்ப்பாக்கம் போகிற ஷேர் ஆட்டோ வந்து நின்றது. எல்லம்மா பச்சையைப் பார்த்தாள், மேலே பால்கனியைப் பார்த்தாள். பிறகு மற்ற மூன்று பேரையும் முதலில் ஏறச் சொல்லிவிட்டு அவனிடம் திரும்பினாள்.

“இன்னிக்குப் பட்டாபிஷேகம் அண்ணா, வேலைக்கு லீவுன்னு சொல்லு. நாளைக்கு வரோம். கிளப் ஹவுஸ் பூட்டக் கழட்டி வெக்கச் சொல்லு, அப்பறமாதான் உள்ள வருவோம்.”

சொல்லிவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள். ஆட்டோ தண்ணி லாரியைச் சுற்றிக்கொண்டு கிளம்பியது.